தலைப்பு இலக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வரவு செலவுத்திட்டப் பணத்தைப் பின்தொடர்வது எப்படி

வரவு செலவுத்திட்ட உரை முடிந்த மறுநாள், வைத்தியசாலைக்குப் புதிய கட்டடம், பாடசாலைக்கு ஆய்வுகூடம் என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பேச்சு அடிபடும். அடுத்த உரை வரும்போதும் அத்திவாரம் வெட்டப்பட்டிருக்காது. ஏனென்று கேட்டால் அமைச்சு திறைசேரியைக் காட்டும், திறைசேரி அமைச்சைக் காட்டும். இந்த இழுபறியில் சிக்காமல் பணத்தைத் தேடிப்போக ஒரு வழி இருக்கிறது. அது கொஞ்சம் பொறுமை கேட்கும். அமைச்சர் உரையில் சொன்னது வேறு, பாராளுமன்றம் சட்டமாக நிறைவேற்றியது வேறு, திறைசேரி கையில் கொடுத்த காசு வேறு. மூன்றையும் தனித்தனியே பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பொது நிதியின் மீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என்கிறது இலங்கை அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை. வரியாகவும் வேறு வருமானமாகவும் வருவது திரட்டு நிதிக்குள் போகும். அங்கிருந்து காசை வெளியே எடுக்க நிதி அமைச்சர் ஒப்பமிட்ட ஆணைப்பத்திரம் வேண்டும். பாராளுமன்றம் ஒரு தீர்மானத்தாலோ சட்டத்தாலோ அந்தத் தொகையை வழங்கியிருக்க வேண்டும், அல்லது அது சட்டப்படி திரட்டு நிதியின் மீது நேரடியாகச் சுமத்தப்பட்டதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆணைப்பத்திரம் பிறப்பிக்க முடியாது என்பது 150ஆம் உறுப்புரை. ஆண்டுதோறும் அந்த அனுமதியை வழங்குவதுதான் ஒதுக்கீட்டுச் சட்டம்.

முதலில் ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தைக் கையில் எடுங்கள். வர்த்தமானியில் வெளியான சட்டமூலம் பாராளுமன்ற இணையதளத்தில் தமிழிலும் கிடைக்கும். உரையை வாசிக்க முன்பே இதை வாசிப்பது நல்லது, ஏனெனில் இது உரைக்கு முன்பே அச்சாகிவிடும். முதலாம் அட்டவணையில் ஒவ்வொரு அமைச்சுக்கும் திணைக்களத்துக்கும் ஒரு தலைப்பு இலக்கம் இருக்கும். ஜனாதிபதிக்கு 1, பிரதமர் அலுவலகத்துக்கு 2, நிதி அமைச்சுக்கு 102, சுகாதார அமைச்சுக்கு 111, கல்வி அமைச்சுக்கு 126, பொலிஸுக்கு 225. அமைச்சரவை மாறும்போது அமைச்சின் பெயர் நீளும், குறுகும், இரண்டாக உடையும். ஆண்டுகளை ஒப்பிடுகிறவர்கள் பெயரை நம்பாமல் இலக்கத்தை நம்புவதற்கு அதுதான் காரணம். இலக்கமும் மாறுவதுண்டு, ஆனால் பெயர் அளவுக்கு அடிக்கடி மாறாது.

இரண்டாம் அட்டவணையைப் பலர் புரட்டுவதே இல்லை. கடன் வட்டி போல ஏற்கனவே வேறு சட்டங்களால் திரட்டு நிதியின் மீது சுமத்தப்பட்ட செலவுகள் அதில் இருக்கின்றன. இவற்றுக்குப் பாராளுமன்றம் ஆண்டுதோறும் புதிதாக வாக்களிப்பதில்லை. ஒரே வரவு செலவுத்திட்டத்துக்குப் பத்திரிகைகள் இரண்டு வெவ்வேறு மொத்தத் தொகை போடுவதற்கு இதுவே வழக்கமான காரணம்: ஒன்று வாக்கெடுப்புக்கு உட்பட்ட தொகை, மற்றது கடன் சேவையையும் சேர்த்தது. மூன்றாம் அட்டவணை அரச ஊழியர் கடன் போன்ற முற்பணக் கணக்குகளின் உச்ச வரம்புகள் பற்றியது. குறிப்பிட்ட தேவை இல்லாவிட்டால் அதைத் தாண்டிச் செல்லலாம்.

சட்டமூலத்தில் மொத்தம் மட்டுமே இருக்கும். விவரத்துக்கு வரவு செலவுத்திட்ட மதிப்பீடுகள் என்ற தடித்த தொகுதிகளைப் பார்க்க வேண்டும். கொழும்பு 1, லோட்டஸ் வீதியிலுள்ள திறைசேரியின் தேசிய வரவு செலவுத்திட்டத் திணைக்களம் அவற்றைத் தயாரித்து இணையத்திலும் வெளியிடுகிறது. அங்கே ஒவ்வொரு செலவும் ஒரு நீண்ட இலக்கத் தொடராக இருக்கும். இடமிருந்து வலமாகத் தலைப்பு, நிகழ்ச்சித்திட்டம், கருத்திட்டம், உபகருத்திட்டம், செலவு விடயம், நிதி மூலம் என்று வாசிக்க வேண்டும். நிகழ்ச்சித்திட்டம் 1 என்றால் அன்றாட நிர்வாகம், 2 என்றால் அபிவிருத்தி. செலவு விடயம் நான்கு இலக்கம் கொண்டது: 1001 சம்பளம், 1002 மேலதிக நேரக் கொடுப்பனவு, 1202 எரிபொருள், 1403 மின்சாரமும் நீரும், 2001 கட்டடத் திருத்தம், 2101 வாகனம் வாங்கல், 2104 புதிய கட்டடம். 1இல் தொடங்கினால் மீண்டெழும் செலவு, 2இல் தொடங்கினால் மூலதனம். கடைசியில் வரும் நிதி மூலத்தில் 11 உள்நாட்டு நிதி, 12 வெளிநாட்டுக் கடன், 13 வெளிநாட்டு நன்கொடை, 17 வெளிநாட்டுத் திட்டத்துக்கான உள்நாட்டுப் பங்கு.

இந்தக் கடைசி இரண்டு இலக்கங்களைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். ஒரு கட்டடத்துக்கு 12இல் பெரிய தொகையும் 17இல் வெறும் கோடும் இருந்தால், கடன் வந்தாலும் உள்நாட்டுப் பங்குக்குக் காசு இல்லை என்று பொருள். காணிச் சுவீகரிப்பும் வரியும் பெரும்பாலும் அந்தப் பங்கிலிருந்தே கொடுபட வேண்டியவை. அங்கேதான் வேலை நிற்கும்.

மதிப்பீட்டுத் தொகைகள் ஆயிரம் ரூபாவில் அச்சிடப்படுகின்றன. உரையில் மில்லியனும் பில்லியனும் வரும். 50,000 என்று இருந்தால் அது ஐந்து கோடி ரூபா, அதாவது 50 மில்லியன். இதைக் கவனிக்காததால் வந்த பிழையான செய்திகள் கொஞ்சமல்ல. பக்கத்தில் ஓர் உண்மைச் செலவு நிரலும், நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடும், வரும் ஆண்டின் மதிப்பீடும், அதற்கடுத்த ஆண்டுகளின் எதிர்வுகூறலும் வரிசையாக இருக்கும். முதல் நிரலை முதலில் பாருங்கள். போன தடவை நூறு கேட்டு முப்பதுதான் செலவழித்த கருத்திட்டத்துக்கு இம்முறை நூற்றைம்பது போட்டிருந்தால், ஏன் என்று உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் கேட்பதற்கு அதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

கொழும்பில் இருப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். தேசிய பாடசாலை என்றால் தலைப்பு 126இல் தேடலாம். மாகாணப் பாடசாலையின் பணம் மேல் மாகாண சபை வழியாக வருகிறது, அதன் விவரம் மாகாணத்தின் சொந்த வரவு செலவுத்திட்டத்தில் இருக்கும். தேசிய வைத்தியசாலைக்கும் மாகாண வைத்தியசாலைக்கும் இதே வேறுபாடு உண்டு. ஒழுங்கை, வடிகால், குப்பை எல்லாம் கொழும்பு மாநகர சபையின் தனி வரவு செலவுத்திட்டம். தவறான புத்தகத்தில் தேடிவிட்டு ஒதுக்கீடே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இனி தியவன்னா ஓயாக் கரையிலுள்ள பாராளுமன்றத்தில் நடப்பது. நிதி ஆண்டு ஜனவரி 1 முதல் டிசெம்பர் 31 வரை. வழமையான ஆண்டில் சட்டமூலம் ஒக்டோபர் அளவில் முதல் வாசிப்புக்கு வரும், நவம்பரில் நிதி அமைச்சரின் உரையோடு இரண்டாம் வாசிப்பு தொடங்கும், சில நாள் விவாதத்துக்குப் பின் வாக்கெடுப்பு, பிறகு குழுநிலை, டிசெம்பரில் மூன்றாம் வாசிப்பு. 2026க்கான உரை 2025 நவம்பர் 7 அன்று இப்படித்தான் நிகழ்த்தப்பட்டது. சபாநாயகர் சான்றுரை இட்டதும் அது சட்டமாகிவிடும். சாதாரண பெரும்பான்மை போதும். ஆனால் சட்டமூலம் தோற்றால் அமைச்சரவையே கலைந்துவிடும் என்பதால், இந்த வாக்கெடுப்பு அரசாங்கத்தின் உயிர்நாடி.

அரசியல் சூடு இரண்டாம் வாசிப்பில் தெரியும். உங்களுக்கு உதவக்கூடியது குழுநிலை. அமைச்சு அமைச்சாக, தலைப்புத் தலைப்பாக எடுத்து விவாதிப்பது அங்கேதான். எந்த அமைச்சு எந்த நாளில் என்ற அட்டவணை முன்கூட்டியே தெரிந்துவிடும். கேள்வியைத் தலைப்பு இலக்கம், செலவு விடயம், தொகை மூன்றோடும் ஒரு பக்கத்துக்குள் எழுதி, அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பாவது உறுப்பினரிடம் சேர்ப்பியுங்கள். விவாத நாளன்று கொடுத்தால் பேச்சு ஏற்கனவே தயாராகியிருக்கும். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, இந்தத் தலைப்பிலிருந்து பத்து ரூபா குறைக்கப்பட வேண்டும் என்று பிரேரிப்பதைக் கேட்டால் திகைக்க வேண்டாம். விவாதத்தைத் தொடக்கி வைக்கும் மரபு அது. ஒதுக்கீட்டைக் கூட்டச் சொல்லி உறுப்பினர் யாரும் பிரேரிக்க முடியாது. பொது நிதியைச் செலவிடும் சட்டமூலத்தையோ பிரேரணையையோ அமைச்சரவையின் அனுமதியோடு ஓர் அமைச்சர்தான் கொண்டுவரலாம் என்று 152ஆம் உறுப்புரை தடுக்கிறது. ஆகவே உறுப்பினரிடம் ஒதுக்கீட்டைக் கூட்டச் சொல்லிக் கேட்பது வீண். அமைச்சரைச் சபையில் வாக்குறுதி தரவைக்கச் சொல்லுங்கள். அது சபை விவாதப் பதிவான ஹன்சாட்டில் பதிந்துவிடும், அடுத்த ஆண்டு பக்க எண்ணோடு எடுத்துக் காட்டலாம்.

குழுநிலை வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் 2019 மார்ச்சை நினைவுகூர வேண்டும். அரசாங்கத் தரப்பு ஆசனங்கள் போதிய அளவு நிரம்பாத நேரத்தில் இரண்டு அமைச்சுகளின் ஒதுக்கீடுகள் வாக்கெடுப்பில் தோற்றன. அவற்றுள் ஒன்று கொழும்போடு நேரடியாகத் தொடர்புபட்ட மாநகர மற்றும் மேல் மாகாண அபிவிருத்தி அமைச்சு. 225 பேர் கொண்ட சபையின் கூட்ட நடப்பெண், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, 20 மட்டுமே என்பதால் இப்படியும் நடக்க இடமுண்டு.

டிசெம்பருக்குள் சட்டம் நிறைவேறாத ஆண்டுகளும் வருகின்றன. அப்போது சில மாதங்களுக்கு மட்டும் இடைக்காலக் கணக்கறிக்கை நிறைவேற்றப்படும். 2024 நவம்பர் தேர்தலின் பின் 2025இன் முதல் நான்கு மாதங்களுக்கு அப்படித்தான் செய்தார்கள், முழு வரவு செலவுத்திட்டம் 2025 பெப்ரவரி 17 அன்று சமர்ப்பிக்கப்பட்டது. சட்டம் நிறைவேற முன்பே பாராளுமன்றம் கலைக்கப்பட்டால், புதிய பாராளுமன்றம் கூட அழைக்கப்பட்ட திகதியிலிருந்து மூன்று மாதம் முடியும்வரை அரச சேவைகளுக்கான பணத்தை ஜனாதிபதி அனுமதிக்கலாம். 2020 மார்ச் 2 அன்று கலைக்கப்பட்ட சபைக்குப் பதில் புதிய சபை ஓகஸ்ட் 20 அன்றுதான் கூடியது. அந்த இடைவெளியில் இந்த ஏற்பாடே கைகொடுத்தது. இத்தகைய ஆண்டுகளில் புதிய கட்டட வேலை தொடங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சம்பளமும் தொடர் வேலைகளும் ஓடும், அவ்வளவுதான்.

சட்டம் நிறைவேறிய பிறகு வருவதுதான் பெரும்பாலானோர் கவனிக்காத கட்டம். ஒதுக்கீடு என்பது செலவழிக்க அனுமதி மட்டுமே. கையில் கிடைக்கும் காசு திறைசேரி நடவடிக்கைத் திணைக்களத்திலிருந்து வருகிறது, அதற்குக் கட்டுநிதி என்று பெயர். வருமானம் குறைந்தால் கட்டுநிதி தாமதிக்கும். புத்தகத்தில் நூறு இருந்தும் ஒப்பந்தக்காரரின் பட்டியலுக்கு (பில்லுக்கு) கொடுக்கக் காசு இருக்காது. அதனால் அமைச்சிடம் ஒதுக்கீடு எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், இந்த மாதம்வரை கிடைத்த கட்டுநிதி எவ்வளவு, செலுத்தாத பட்டியல்கள் எவ்வளவு என்று கேளுங்கள். ஒதுக்கீட்டை மீறிச் செலவுப் பொறுப்பு ஏற்கக் கூடாது என்று அரசாங்க நிதி விதிகளான நிதிப் பிரமாணங்களில் 94ஆவது சொல்கிறது. மீறியிருந்தால் செலுத்தாத பட்டியல்களில் அது தெரிந்துவிடும்.

இடம் மாறும் பணம் இன்னொரு சிக்கல். ஒரே தலைப்புக்குள் மிச்சமான தொகையை வேறிடத்துக்கு மாற்ற நிதிப் பிரமாணம் 66 வழி தருகிறது. ஆனால் மூலதனச் செலவுக்கென ஒதுக்கியதை மீண்டெழும் செலவுக்கு மாற்ற முடியாது என்பது ஒதுக்கீட்டுச் சட்டங்களில் வழமையாக வரும் வாசகம். கட்டடக் காசில் எரிபொருள் அடித்தோம் என்று யாராவது சொன்னால் அது சட்டத்துக்குப் புறம்பானது. ஒரே தலைப்புக்குள் என்ற வரம்புக்குத் தலைப்பு 240, அதாவது தேசிய வரவு செலவுத்திட்டத் திணைக்களம், விதிவிலக்கு. அதன் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் பெருந்தொகை ஒன்றை வைத்து, திறைசேரிச் செயலாளரின் கட்டளையால் எந்தத் தலைப்புக்கும் மாற்றலாம். உரையில் அறிவித்த திட்டம் உங்கள் தலைப்பில் காணப்படாவிட்டால் அடுத்ததாக 240இல் தேடுங்கள். அங்கிருந்து போன தொகையும் காரணமும் பாராளுமன்றத்துக்கு அறிக்கையிடப்பட வேண்டியவை. ஒதுக்கீடே போதாவிட்டால் மேலதிகப் பணம் கோரும் குறைநிரப்பு மதிப்பீடு சபைக்கு வர வேண்டும். நிலைமை அடியோடு மாறினால் சட்டத்தையே திருத்துவார்கள். 2022 ஓகஸ்ட் 30 அன்று சமர்ப்பித்த இடைக்கால வரவு செலவுத்திட்டம் செப்டெம்பர் 2 அன்று நிறைவேறியது அப்படித்தான்.

செலவழிக்காத ஒதுக்கீடு டிசெம்பர் 31 நள்ளிரவோடு காலாவதியாகும். கேள்விமனு (டெண்டர்) ஓகஸ்ட் வரை இழுபட்டால் அந்த ஆண்டில் கட்டடம் எழும்பாது. ஒக்டோபர் வந்ததும் அவசரமாகத் தளபாடமும் கணினியும் வாங்குவது, வேலை முடியாமலே பட்டியலைச் செலுத்துவது, காலாவதியைத் தவிர்க்கப் பணத்தை வைப்புக் கணக்கில் போட்டு வைப்பது எல்லாம் நடப்பது இந்தக் கெடுவால்தான். ஜூன் மாதத்திலேயே கேள்விமனு கோரப்பட்டதா என்று விசாரித்துவிடுங்கள்.

கணக்கு முடிந்தபின் பத்தரமுல்லையிலுள்ள தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் வேலை தொடங்கும். நிதி ஆண்டு முடிந்து பத்து மாதத்துக்குள் கணக்காய்வாளர் நாயகம் பாராளுமன்றத்துக்கு அறிக்கை இட வேண்டும். தலைப்பு வாரியாக அவர் எழுதும் அவதானிப்புகள் எந்த உரையையும்விடப் பயனுள்ளவை. 1921இல் தொடங்கிய அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவும், அரச நிறுவனங்களைப் பார்க்கும், 1979இல் தொடங்கிய கோப் குழுவும் அவற்றை வைத்தே அதிகாரிகளைக் கேள்வி கேட்கின்றன. அங்கே பதில் சொல்ல வேண்டியவர், பிரதான கணக்கீட்டு உத்தியோகத்தரான அமைச்சின் செயலாளர். அமைச்சர் அல்ல. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டம், நட்டத்துக்குப் பொறுப்பானவர் மீது மிகைக்கட்டணம் விதிக்கவும், அதாவது அந்த நட்டத்தை அவரிடமே அறவிடவும் இடமளிக்கிறது.

கணக்காய்வு வரும்வரை காத்திருக்க முடியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் எழுதலாம். முழு இலக்கத் தொடரையும் எழுதி நான்கு விடயம் கேளுங்கள்: ஒதுக்கீடு, கிடைத்த கட்டுநிதி, செலவு, மாற்றப்பட்ட தொகையும் அதன் கட்டளையும். கட்டடம் பற்றிய தகவல் என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தமது முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாளுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள், அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். அதே சட்டத்தின் 9ஆம் பிரிவையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டுக் கருத்திட்டத்தையும், ஓர் இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதிக் கருத்திட்டத்தையும் தொடங்க மூன்று மாதம் முன்பே அமைச்சர் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அது.