பதிப்புரிமை அறிவித்தல் மின்னஞ்சலில் வந்தால்

கனடாவில் இணைய இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால், அதன் வழியாக யாரோ டொரன்டில் (கணினிகள் ஒன்றுக்கொன்று நேரடியாகக் கோப்பைப் பகிரும் முறை) படம் பகிர்ந்ததாகச் சொல்லும் மின்னஞ்சல் ஒருநாள் வரலாம். அது வழக்கு அல்ல. 2015 ஜனவரி 2 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, படத்தின் உரிமையாளர் தரும் அறிவித்தலை இணைய நிறுவனம் உங்களுக்கு அனுப்பியாக வேண்டும். அதற்காக உங்கள் பெயரை அவரிடம் கொடுப்பதில்லை. அவர் கையில் இருப்பவை ஐபி முகவரியும் (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்) நேரமும்தான்.

மின்னஞ்சல் மெய்தானா என்று முதலில் பாருங்கள். அதிலுள்ள எந்த இணைப்பையும் தட்டாமல், உங்கள் பில்லில் இருக்கும் எண்ணை அழைத்துக் கேளுங்கள். பணம், சமரசத் தொகை, சொந்த விவரங்கள் கேட்கும் வாசகமோ அதற்கான இணைப்போ உள்ளே இருந்தால், 2018 டிசம்பர் திருத்தத்தின்படி அந்த அறிவித்தல் செல்லாது. நிறுவனம் அதை அனுப்ப வேண்டிய கடமையும் இல்லை.

பதில் எழுதாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். "மகன் தெரியாமல் செய்துவிட்டான்" என்று ஒரு வரி போட்டாலே உங்கள் பெயரும் ஒப்புதலும் சேர்ந்தே உரிமையாளர் கைக்குப் போய்விடும். மின்னஞ்சலை அழிக்கவும் வேண்டாம்.

அடுத்து நேரத்தைச் சரிபாருங்கள். அது யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் ரொறன்ரோவுக்கு 5 மணி, கோடையில் 4 மணி கழிக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் வீட்டில் தவறான ஆளைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. டொரன்ட் நிரல் சன்னலை மூடினாலும் பின்னணியில் ஓடிக்கொண்டே கோப்பைப் பிறருக்குப் பகிரும். பிடிபடுவது பெரும்பாலும் அந்தப் பகிர்வுதான். ஆகவே நிரலை முழுதாக நிறுத்தி, வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

அந்த ஐபி முகவரி யாருடையது என்ற பதிவை இணைய நிறுவனம் 6 மாதம் வைத்திருக்கும். அதற்குள் வழக்குத் தொடுத்ததாக உரிமையாளர் தெரிவித்தால் 1 வருடம். உங்கள் பெயரைப் பெற அவருக்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். உத்தரவு பெற்று, ஃபெடரல் நீதிமன்றக் கோரிக்கைப் பத்திரமே உங்கள் கைக்கு வந்துவிட்டால் கதை வேறு: 30 நாளுக்குள் எதிர்வாதம் தாக்கல் செய்ய வேண்டும், வழக்கறிஞரும் தேவை. சும்மா இருந்தால் உங்களைக் கேளாமலே உரிமையாளர் தீர்ப்புக் கோரலாம்.

வணிக நோக்கமற்ற பதிப்புரிமை மீறலுக்குச் சட்டம் விதிக்கும் இழப்பீடு, வழக்கில் உள்ள எல்லா மீறல்களுக்கும் சேர்த்து 100 முதல் 5,000 டாலர். கணக்கு உங்கள் பெயரில் இருப்பது மட்டும் மீறலுக்குச் சான்றாகுமா என்பதுதான் இப்போதைய பெரிய இழுபறி. போதாது என்று 2023இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நியாயமான தீர்ப்புதான்: ஒரே வைஃபையில் வாடகைக்கு இருப்பவரும் விருந்தாளியும் இருப்பார்கள்.