பாடன்-பாடன் பத்தி பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடன்னு யாராவது சொன்னா முதல்ல எந்த பாடன்னு கேட்டுக்கோங்க. ஆஸ்திரியால வியன்னா பக்கத்துல ஒரு பாடன் இருக்கு, சுவிட்சர்லாந்துல சூரிச் பக்கத்துல இன்னொன்னு, எல்லாமே வெந்நீர் ஊத்து ஊர்தான், பேருக்கு அர்த்தமே குளியல்தான். இங்க நாம பேசப்போற ஜெர்மன் ஊருக்கும் ரொம்ப காலமா வெறும் பாடன்னுதான் பேரு, 1931லதான் அதிகாரபூர்வமா பாடன்-பாடன் ஆச்சு. ரோமர்கள் வச்ச பேரு அக்வே, அதாவது தண்ணி.

அடுத்த தப்புதான் ரொம்ப பெரிசு. இந்த ஊர்ல இருக்கற காரகல்லா தெர்மேங்கற வெந்நீர்க் குளியல்கூடத்தோட பேரைப் பார்த்துட்டு அது ரோமர் கட்டின குளியல்னு எழுதிடறாங்க. இல்லீங்க, அது 1985ல திறந்த கட்டடம், ரோமப் பேரரசரோட பேரை மட்டும்தான் வச்சிருக்காங்க. நெஜமான ரோமர் குளியலைப் பாக்கணும்னா பக்கத்துல இருக்கற ஃப்ரீட்ரிக்ஸ்பாட்ங்கற இன்னொரு குளியல்கூடத்துக்கு அடியில போகணும். மேல இருக்கற ஃப்ரீட்ரிக்ஸ்பாட் 1877ல திறந்தது, கீழ படைவீரர்கள் குளிச்ச இடத்தோட இடிபாடு, தரைக்கு அடியில சூடான காத்து போக விட்ட இடைவெளிகூட தெரியும். மேல 54 டிகிரி சூட்டுக் காத்துல உக்காந்து, அப்புறம் 68 டிகிரி, அப்புறம் சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்ச்சு, கடைசியில குளிர்ந்த தண்ணின்னு படிப்படியா போற குளியல், இந்த முறையில பாரம்பரியமா துணியே கிடையாது. காரகல்லால நீச்சல் உடை உண்டு, மாடியில இருக்கற சானாங்கற சூட்டு அறையில மட்டும் உடை கிடையாது. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு போனா சங்கடம்தான்.

வெந்நீர்னாலே எரிமலைன்னு முடிவு கட்டறதும் தப்பு, அங்க உயிரோட எரிமலை எதுவும் இல்ல. கருங்காட்டு மலையில பெய்யற மழை ரொம்ப ஆழத்துக்கு இறங்கி, பூமிச் சூட்டுல சூடாகி, ரைன் பள்ளத்தாக்கோட ஓரத்துல பாறை வெடிச்சிருக்கற வழியா உப்போட மேல ஏறுது, ஃப்ளோரன்டீனர் மலைச்சரிவுல 68 டிகிரி வரைக்கும் சூடா வருது. ஊர் ரைன் கரையில இருக்குன்னு சொல்றதும் சரியில்ல, ஊருக்குள்ள ஓடறது ஓஸ்ங்கற சின்ன ஆறு. ரயில்வே ஸ்டேஷனும் ஊர் நடுவுல இல்ல, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கு. பழைய ஸ்டேஷன் கட்டடம் இப்ப 1998ல திறந்த பெரிய இசை அரங்கத்தோட முகப்பு.

பழைய தெருக்களைப் பார்த்து மத்தியகால ஊர் அப்படியே இருக்குன்னும் சொல்லாதீங்க. 1689ல பிரெஞ்சுப் படை ஊரை எரிச்சிடுச்சு, ஆட்சியாளர் குடும்பமே தலைநகரை ராஸ்டட்டுக்கு மாத்திக்கிச்சு. நாம போட்டோல பாக்கற அழகு, 1824ல வந்த குர்ஹவுஸ்ங்கற கேளிக்கை மாளிகை, ஊத்துத் தண்ணி குடிக்கக் கட்டின நெடுந்தூண் வச்ச ட்ரிங்க்ஹாலே மண்டபம் எல்லாம் 19ஆம் நூற்றாண்டு.

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தாயெவ்ஸ்கி இங்க சூதாட்டத்துல தோத்த பிறகுதான் சூதாடி நாவலை எழுதினார்னு ஒரு கதை சுத்துது. நாவல் 1866ல வந்தாச்சு, மனைவி ஆன்னாவோட நகை அடகுக்குப் போன அந்தப் பெரிய தோல்வி 1867 கோடையில. 1863லயும் இங்க வந்து ஆடியிருக்கார், அதனால அனுபவம் முன்னாடியே இருந்துச்சு, ஆனா வருஷத்தை மாத்தி எழுதக்கூடாது. காசினோ அன்னைலேர்ந்து இடைவிடாம நடக்குதுங்கறதும் தப்பு, 1872ல சூதாட்டத்தை மூடி 1933லதான் திரும்பத் திறந்தாங்க.

கடைசியா ஒண்ணு, இதை விட்டுடறவங்கதான் அதிகம். ரெண்டாம் உலகப் போர்ல குண்டு அவ்வளவா விழல, அதனால ஊருக்கு ஒண்ணும் ஆகலன்னு எழுதிட்டுப் போயிடறாங்க. 1938 நவம்பர் 10 அன்னிக்கு நாஜிகள் இந்த ஊர் யூத ஆண்களைப் பிடிச்சு தெருத் தெருவா நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க, ஜனங்க ரெண்டு பக்கமும் நின்னு பாத்தாங்க, போட்டோவே இருக்கு. அன்னிக்கே யூதர்களோட ஜெபாலயத்துக்கும் தீ வச்சாங்க. 1940 அக்டோபர்ல மிச்சமிருந்த யூதர்கள்ல பெரும்பாலானவங்களை பிரான்ஸ்ல இருந்த கூர்ஸ் தடுப்பு முகாமுக்கு அனுப்பிட்டாங்க.