பேரிடரில் வீடிழந்தோருக்கும் புதிதாய்க் குடியேறியோருக்கும் சபை செய்யும் கருணைப் பணி: தொடங்குவது எப்படி, நிலைத்து நடத்துவது எப்படி

அமெரிக்காவில் ஏதேனும் ஒரு லுத்தரன் சபையில் உறுப்பினராக இருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். புயலோ வெள்ளமோ வந்து போன பின் வரும் ஞாயிறன்று, ஆராதனை முடிந்ததும் "நாம் என்ன செய்யப்போகிறோம்?" என்ற கேள்வி எழும். மொழி தெரியாத ஒரு குடும்பம் கடைசி வரிசையில் தயங்கி வந்து அமரும்போதும் அதே கேள்விதான் எழும். இந்த இரு தரப்பினருக்கும் பொதுவான இழப்பு ஒன்று உண்டு. தாம் இன்னார் என்று காட்டும் காகிதங்களும், கடிதம் வந்து சேரும் முகவரியும் அவர்கள் கையைவிட்டுப் போயிருக்கும். உணவும் போர்வையும் பலர் கொண்டுவந்து கொடுப்பார்கள். காகிதங்களைத் தேடி, நிரப்பி, அனுப்பி, பதிலுக்குக் காத்திருக்கும் நீண்ட மாதங்களில் கூடவே நிற்பதற்குத்தான் ஆள் இருக்காது. அந்த இடத்தில் நிற்கச் சபையால் முடியும்.

முதலில் பணத்தை ஒழுங்குபடுத்துங்கள். 1523-இல் ஜெர்மனியின் லைஸ்னிக் ஊர்ச் சபை, லுத்தரின் ஆலோசனையோடு ஏழைகளுக்கான பொதுப்பெட்டி ஒன்றை ஏற்படுத்தியபோது, அதற்கு நான்கு பூட்டுகள் போட்டு, பிரபுக்கள், நகரமன்றம், நகரத்தார், கிராமத்து உழவர் ஆகியோரிடம் ஆளுக்கொரு சாவியாகக் கொடுத்துவைத்தது. ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கண்டதில்லை. கருணைப் பணிக்குத் தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, குழுவைக் கேளாமல் போதகர் எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதற்கு எழுத்தில் ஒரு விதி ஆகிய மூன்றும் பேரிடருக்கு முன்பே இருக்கவேண்டும். ஒரு குறிப்பிட்ட நபருக்கே சேரவேண்டும் என்று நிபந்தனையிட்டுத் தரும் காணிக்கைக்கு வரிவிலக்குக் கிடைக்காது என்பதையும், யாருக்கு எவ்வளவு என்று முடிவெடுக்கும் பொறுப்பு சபையிடமே இருக்கவேண்டும் என்பதையும் கொடுப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாடகையை வீட்டுக்காரருக்கும் மின்கட்டணத்தை நிறுவனத்துக்கும் நேரடியாகச் செலுத்துவது கணக்குக்கும் நல்லது, பெறுபவருடைய மதிப்புக்கும் நல்லது. முதல் வாரத்தில் சேரும் பணத்தில் பாதியையாவது ஆறு மாதத்துக்குப் பின் வரும் தேவைக்கென்று எடுத்துவையுங்கள்; தொலைக்காட்சிக்காரர்கள் ஊரைவிட்டுப் போனபின் காணிக்கை வற்றிவிடும், தேவை வற்றாது.

வெள்ளம் வடிந்த வீட்டில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அதனால் அவசரம் இருக்கிறது. ஆனாலும் கடப்பாரையோடு உள்ளே நுழையும் முன் மூன்று காரியங்கள் முடிந்திருக்கவேண்டும். வீட்டுக்காரர் எழுத்தில் அனுமதி தரவேண்டும். மின்சாரமும் எரிவாயுவும் நிறுத்தப்பட்டதை உறுதி செய்யவேண்டும். ஒவ்வொரு அறையையும், சுவரில் தண்ணீர் ஏறி நின்ற கோட்டையும் படம் எடுத்துவைக்கவேண்டும். காப்பீட்டு நிறுவனமும் அரசும் பிற்பாடு கேட்கப்போவது அந்தப் படங்களைத்தான். என்-95 முகக்கவசம், கனத்த கையுறை, முழங்கால் வரையிலான காலணி ஆகியவை இல்லாத தொண்டரை உள்ளே விடாதீர்கள். 1978-க்கு முன் கட்டிய வீடென்றால் சுவர்ப்பூச்சில் ஈயம் இருக்கலாம். அமெரிக்க லுத்தரன் பிரிவுகளில் ஒன்றான மிசௌரி சினட்டின் சபைகள் இதற்கென முன்களக் குழுக்களுக்குப் பயிற்சி அளிக்கின்றன. அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கும் லுத்தரன் டிசாஸ்டர் ரெஸ்பான்ஸ் என்ற அமைப்பு உண்டு. அந்தப் பயிற்சியைப் பேரிடருக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நனைந்த பொருளை வெளியே எறியும்போது கேட்டுவிட்டு எறியுங்கள். ஒரு வீட்டில் எங்கள் குழுவினர் நல்லெண்ணத்தோடு ஒரே பகலில் எல்லாவற்றையும் தெருவோரத்தில் குவித்துவிட்டோம். இருட்டிய பின், அந்த வீட்டுப் பாட்டியம்மா கைவிளக்கோடு குவியலுக்குள் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். பிஸ்கட் டப்பா ஒன்றில் சேர்த்து வைத்திருந்த பொத்தான்கள். இறந்துபோன கணவருடைய சட்டைகளிலிருந்து எடுத்தவை. அன்றிலிருந்து ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்கு எந்த வேலையும் கொடுப்பதில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளையும் காட்டிக் கேட்பதே அவர் பணி. வேலை தாமதமாகும், ஆகட்டும்.

தொண்டர்கள் வந்த நேரம், போன நேரம், செய்த வேலை ஆகியவற்றை நாள்தோறும் கையெழுத்தோடு பதிவு செய்யுங்கள். கூட்டாட்சி உதவியில் மாநிலமும் உள்ளூராட்சியும் ஏற்கவேண்டிய பங்குக்கு ஈடாக இந்த மணி நேரங்களைக் கணக்கில் காட்ட இடமுண்டு. நம் சபையின் உழைப்பு அப்படியே ஊரின் கடனைக் குறைக்கும்.

அடுத்து, ஃபெமா எனப்படும் கூட்டாட்சி அரசின் பேரிடர் உதவி முகமைக்கு அனுப்பும் விண்ணப்பம். பேரிடர் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து வழக்கமாக 60 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். பலரும் தவறவிடுவது அதற்குப் பின் வரும் கடிதத்தைத்தான். ஒரு பெரியவர் அந்தக் கடிதத்தின் முதல் வரியில் "தகுதியில்லை" என்று கண்டதும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து அதை எங்களிடம் காட்டியபோது, காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையைத் தீர்த்த கடிதம் வந்து சேரவில்லை என்பதே காரணமாக உள்ளே எழுதியிருந்தது. ஒரே ஒரு காகிதம். கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதால் அவர் தப்பினார். எனவே, வீடு வீடாகச் செல்லும்போது "உணவு வேண்டுமா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "கடிதம் ஏதேனும் வந்ததா, சேர்ந்து படிக்கலாமா?" என்றும் கேளுங்கள். அரசும் காப்பீடும் கைவிட்டவர்களின் தேவைகளை, அந்த வட்டாரத்தில் பல சபைகளும் தொண்டு நிறுவனங்களும் கூடி அமைக்கும் நீண்டகால மீட்புக் குழுவிடம் கொண்டுசெல்லுங்கள். தனியாக ஒரு வீட்டைக் கட்டித்தர முயன்று களைத்துப்போன சபைகளை நான் பார்த்திருக்கிறேன்.

குடியேறியோர் விஷயத்தில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். இங்கே நல்லெண்ணத்தோடு செய்யும் பிழை ஒரு குடும்பத்தை நாடு கடத்திவிடக்கூடும். சட்ட ஆலோசனை சொல்லாதீர்கள். வழக்கறிஞரோ, நீதித்துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியோ மட்டுமே அதைச் செய்யலாம். வழக்கறிஞர் தகுதி இல்லாமலே "நோட்டாரியோ" என்று பலகை மாட்டிக்கொண்டு பணம் பறிப்பவர்களிடமிருந்து அவர்களைக் காப்பாற்றுவதும் உங்கள் வேலை. 1939-இல் தொடங்கி, லுத்தரன் குடிவரவு மற்றும் அகதிகள் சேவை என்று நெடுங்காலம் அறியப்பட்டு, 2024 முதல் குளோபல் ரெஃப்யூஜ் என்ற பெயரில் இயங்கும் அமைப்பைப் போன்றவற்றின் உதவியோடு நம்பகமான வழக்கறிஞர்களின் பட்டியலைத் தயார் செய்து, அதைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். இந்தத் துறையில் விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

சட்ட ஆலோசனை தராமலே சபை செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வீடு மாறினால் 10 நாளுக்குள் குடிவரவுத் துறைக்கு ஏ.ஆர்.-11 படிவம் வழியே தெரிவிக்கவேண்டும். வழக்கு குடிவரவு நீதிமன்றத்தில் இருந்தால், அங்கே தனியாக 5 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும். இதை அறியாமல் பழைய முகவரிக்குப் போன அழைப்பாணையைக் காணாமல், விசாரணைக்கு வராதவர் என்று வெளியேற்ற உத்தரவு பெறுவோர் உண்டு. புகலிட விண்ணப்பத்துக்குப் பொதுவாக, நாட்டுக்குள் வந்து ஓராண்டு என்பது கெடு. இந்தத் தேதிகளைப் பெரிய எழுத்தில் நாட்காட்டியில் குறித்துக் கொடுங்கள், வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வண்டியில் அழைத்துச் செல்லுங்கள், விசாரணை நாளில் கூட உட்காருங்கள். மொழிபெயர்ப்புக்கு அவர்களுடைய பிள்ளைகளைப் பயன்படுத்தாதீர்கள். தாய் அனுபவித்ததை மகள் தன் வாயால் சொல்ல நேரக்கூடாது. அந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கத் தயங்கினால், குடிவரவு நிலையைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி எந்தப் பிள்ளையையும் மறுக்கமுடியாது என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

உதவிக்கு ஈடாக ஆராதனைக்கு வரச்சொல்லாதீர்கள். "கொலை செய்யாதே" என்ற ஐந்தாம் கட்டளைக்கு 1529-இல் லுத்தர் தந்த விளக்கம், பிறனுடைய உடலுக்குத் தீங்கு செய்யாதிருப்பதோடு அவனுடைய எல்லா உடல் தேவைகளிலும் அவனுக்குத் துணைநிற்கவும் சொல்கிறது. அவன் யாரை வணங்குகிறான் என்று அது கேட்கவில்லை. எந்த மதக் கருத்தையும் வளர்க்க நிவாரணத்தைக் கருவியாக்கலாகாது என்ற 1994-ஆம் ஆண்டு நடத்தை நெறியை வகுத்த அமைப்புகளில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒன்று. ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று அவர்களே கேட்டால், மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் சபையில் ஒரே ஒருவர் பொறுப்பாளராக இருக்கட்டும், அவருக்குத் துணையாக இன்னொருவர் இருக்கட்டும். மாதம் ஒருமுறையாவது போதகர் இந்தப் பொறுப்பாளர்களை உட்காரவைத்து அவர்களுடைய பாரத்தைக் கேட்கவேண்டும்.

ஒரு குடும்பத்தின் காரியம் முடிந்ததும் அவர்களுடைய கோப்பினை முறையாக மூடுங்கள். அசல் காகிதங்கள் அனைத்தையும் எண்ணி அவர்கள் கையில் திருப்பிக் கொடுத்து, கணக்குக்கு வேண்டிய ரசீதுகளை மட்டும் வைத்துக்கொண்டு, குடிவரவு நிலையைக் காட்டும் நகல் ஏதும் சபை அலுவலகத்திலோ தொண்டர்களின் கைபேசியிலோ தங்காதபடி அவர்கள் முன்னிலையிலேயே அழித்துவிடுங்கள்.