மூன்று பையன்கள், ஒரு மெஷின்: வீட்டிலேயே முடி வெட்டப் பழகுவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பையன்களைச் சலூனுக்கு அழைத்துப் போனவர்களுக்கு இந்தப் பதிவு ஏன் என்று விளக்கத் தேவையில்லை. நாற்காலிக் கைகளின் குறுக்கே பலகையைப் போட்டுக் கடைக்குட்டியை ஏற்றி உட்கார வைப்பதற்குள், நடுவுள்ளவன் தண்ணீர் அடிக்கும் பாட்டிலை எடுத்துப் பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தில் அடித்திருப்பான். பெரியவன் இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான். மூன்று தலையும் முடிந்து வெளியே வரும்போது மணி பன்னிரண்டு.

நான்கு வருடங்களாக எங்கள் வீட்டில் முடி வெட்டுவது நான்தான். பெரியவனுக்கு 11 வயது, நடுவுள்ளவனுக்கு 8, கடைக்குட்டிக்கு 4. எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பையன்கள் தலையில்தான் பழகினேன். நான் செய்த தவறுகளை நீங்கள் செய்யாமல் இருக்க வழி சொல்கிறேன்.

எந்த வயதில் தொடங்கலாம்?

முதல் மொட்டையில் நீங்கள் கை வைக்க வேண்டாம். அது குலதெய்வத்துக்கும் தாய்மாமன் மடிக்கும் உரியது. சந்தனம் பூசிய அந்தத் தலையில் முடி மறுபடி வளர்ந்து காதை மூடத் தொடங்கும்போதுதான் நம் வேலை ஆரம்பம். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி மூடியிருக்காது. பெரும்பாலும் ஒன்றரை வயதுவாக்கில்தான் மூடும். இரண்டு வயது வரை கத்தரிக்கோலால் கண்ணில் விழும் முடியை மட்டும் லேசாக எடுத்துவிட்டேன், மெஷினைத் தொடவில்லை.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். முடியின் வேர் தோலுக்குள் இருக்கிறது, மேலே வழிப்பது அதற்குத் தெரியாது. வழித்த முடி முளைக்கும்போது நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குச் சொரசொரவென்று நிறைய முளைத்ததுபோல் தோன்றும், அவ்வளவுதான். இதைப் பெரியவர்களிடம் வாதாடிப் பயனில்லை, நான் முயன்று பார்த்துவிட்டேன்.

என்னென்ன வேண்டும்?

முடி வெட்டும் மெஷின் ஒன்று. தாடிக்கான டிரிம்மரிலும் வெட்டலாம்தான், ஆனால் அதன் பல் வரிசை குறுகல். ஒரு தலைக்கே அரை மணி நேரம் ஆகிவிடும், அதற்குள் பையன் எழுந்து ஓடிவிடுவான். தலைமுடிக்கென்றே விற்கும் அகலமான மெஷினாக வாங்குங்கள். நான் வாங்கியது சுமார் 1,500 ரூபாய். எங்கள் பக்கத்துச் சலூனில் ஒரு பையனுக்கு 120 ரூபாய் என்றால் மூன்று பேருக்கு 360. ஐந்தாவது தடவை வெட்டும்போது போட்ட காசு வந்துவிட்டது.

மெஷினோடு பிளாஸ்டிக் சீப்புகள் சில வரும். 3, 6, 9, 12 மி.மீ. என்று அவற்றில் போட்டிருக்கும். வெட்டிய பிறகு அத்தனை மி.மீ. முடி தலையில் மிஞ்சும் என்று பொருள். எண் பெரிதானால் முடி நீளம். தொடக்கத்தில் 12-க்குக் கீழே இறங்காதீர்கள்.

முடி வெட்டும் கத்தரிக்கோலைத் தனியாக வாங்கி வையுங்கள். துணி வெட்டுவதும் பால் கவர் வெட்டுவதும் ஒரே கத்தரிக்கோலாக இருந்தால் முனை மழுங்கி, வெட்டாமல் முடியைப் பிடித்து இழுக்கும். ஒரு தடவை இழுத்து வலித்துவிட்டால் அடுத்த மூன்று மாதத்துக்குப் பையன் தலையைக் காட்ட மாட்டான்.

மற்றதெல்லாம் வீட்டில் இருப்பவை: ஒரு பழைய வேட்டி, துணி காயப்போடும் கிளிப், முகப் பவுடர், மெல்லிய பிரஷ், பிளாஸ்டிக் ஸ்டூல்.

நாள் பார்ப்பது

செவ்வாய் கூடாது, வெள்ளி கூடாது, அமாவாசை கூடாது, பிறந்த நட்சத்திரத்தன்று கூடவே கூடாது. நட்சத்திரம் 27 நாளைக்கு ஒரு தடவை வரும்; மூன்று பையன்களுக்கும் மூன்று நட்சத்திரம். காலண்டரைப் பார்த்து என் மாமியார் அடிக்கும் நாட்களை அடித்துவிட்டு, பள்ளி நாட்களையும் கழித்தால் மாதத்தில் இரண்டு ஞாயிறு மிஞ்சும். போதும். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஐந்து வாரத்துக்கு ஒரு முறை வெட்டினால் பள்ளியில் குறிப்பேட்டில் எழுதி அனுப்பும் அளவுக்குப் போகாது.

முதல் நாளே தலைக்குக் குளிப்பாட்டிவிடுங்கள். எண்ணெய்த் தலையில் மெஷின் ஓடாது; முடி பற்களுக்கிடையில் பிசுபிசுவென்று சிக்கும். வெட்டும்போது தலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

யார் முதலில்?

பெரியவனிலிருந்து தொடங்குவதுதான் முறை என்று நினைத்துப் பல மாதம் அப்படித்தான் செய்தேன். அப்புறம்தான் கவனித்தேன், கடைக்குட்டி பெரியவனைப் பார்ப்பதே இல்லை. அவனுக்கு உலகமே நடுவுள்ளவன்தான். நடுவுள்ளவன் பேசாமல் உட்கார்ந்தால் அவனும் உட்காருவான், நடுவுள்ளவன் நெளிந்தால் அவன் அலறுவான். ஆகவே எங்கள் வீட்டில் முதலில் நடுவுள்ளவன், அடுத்து கடைக்குட்டி, கடைசியில் பெரியவன். உங்கள் வீட்டில் யார் யாரைப் பார்த்துச் செய்கிறார்கள் என்று பார்த்து வரிசையை முடிவு செய்யுங்கள்.

கடைக்குட்டிக்கு முடி போவதில் பயமில்லை, மெஷின் போடும் 'உர்ர்' சத்தம்தான் பயம். ஒரு வாரம் முன்பே மெஷினை ஓடவிடாமல் கையில் கொடுத்தோம். பிறகு ஓடவிட்டு, பின்பக்கத்தை அவன் உள்ளங்கையில் வைத்துக் கூச்சம் காட்டினோம். அதன்பின் அவன் அப்பா கையில் இருக்கும் ரோமத்தில் ஒரு கோடு போட அனுமதி. அப்பா ஒரு வாரம் முழுக்கைச் சட்டையோடு அலுவலகம் போனார்.

போனில் கார்ட்டூன் காட்டலாமா என்றால், காட்டுங்கள். ஆனால் போன் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். மடியில் இருந்தால் தலை குனியும், பிடரி வெட்ட வசதி. பிறகு போனைக் கண்ணுக்கு நேராக எதிர் நாற்காலியில் சாய்த்து வைத்தால் தலை நிமிரும், முன்பக்கமும் காதோரமும் வெட்டலாம். தலையைப் பிடித்துத் திருப்பி மல்லுக்கட்ட வேண்டாம்.

வெட்டும் முறை

1. ஸ்டூலை மொட்டை மாடியிலோ முற்றத்திலோ போடுங்கள். கழுத்தில் பவுடர் போட்டுவிட்டு வேட்டியைச் சுற்றிப் பின்னால் கிளிப் மாட்டுங்கள். பவுடர் இல்லையென்றால் வெட்டிய முடி வியர்வையில் ஒட்டி அரிக்கும்.

2. மெஷினை எடுக்கும் முன் ஒரு நிமிடம் தலையை மட்டும் பாருங்கள். உச்சியில் சுழி எங்கே, எந்தப் பக்கம் சுற்றுகிறது, தழும்பு, மச்சம் எங்கே என்று விரலால் தடவிப் பாருங்கள். என் பெரியவனுக்கு இடது காதுக்கு மேல் ஊஞ்சலில் விழுந்த தழும்பு. அங்கே முடி முளைக்காது, சுற்றிலும் ஒட்ட வெட்டினால் பளிச்சென்று தெரியும். நடுவுள்ளவனுக்கு ரெட்டைச் சுழி. 'ரெண்டு சுழி, ரெண்டு கல்யாணம்' என்று மாமியார் சிரிப்பார். எனக்கு அது ரெட்டை வேலை. சுழியில் முடி ஒட்ட வெட்டினால் நட்டுக்கொண்டு நிற்கும், அங்கே மட்டும் ஒரு விரல் அகலம் கூடுதலாக விட வேண்டும். பேனோ ஈரோ இருக்கிறதா என்பதையும் இப்போதே காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் பார்த்துவிடுங்கள்.

3. 12 மி.மீ. சீப்பை மாட்டுங்கள். 'டிக்' என்று சத்தம் கேட்கிறதா? இழுத்துப் பாருங்கள், வருகிறதா? இன்னொரு தடவையும் பாருங்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

4. பக்கவாட்டிலும் பின்னாலும் கீழிருந்து மேலாக, முடி வளரும் திசைக்கு எதிராக மெதுவாகத் தள்ளுங்கள். இங்கேதான் எல்லாரும் தவறுவது: தலை உருண்டை, அந்த உருண்டையோடே மெஷினையும் உச்சி வரை கொண்டுபோய்விடக் கூடாது. காதின் மேல்நுனியிலிருந்து மூன்று விரல் உயரத்தில் தலை உள்பக்கமாக வளையத் தொடங்கும். அந்த இடம் வந்ததும் மெஷினைத் தலையிலிருந்து விலக்கி நேர் மேலே தூக்கிவிடுங்கள், அகப்பையால் மாவை அள்ளி எடுப்பது போல. இது கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

5. இன்னும் குட்டையாக வேண்டுமானால் 9 மி.மீ. சீப்பு மாட்டி, முதலில் போன உயரத்தில் பாதி வரை மட்டும் போங்கள். இரண்டு நீளமும் சேரும் இடத்தில் படிக்கட்டு மாதிரி தெரிந்தால், சாதாரணச் சீப்பை முடிக்குள் விட்டுத் தூக்கி, சீப்புக்கு வெளியே நீட்டும் நுனிகளை மட்டும் கத்தரியுங்கள்.

6. மேல் முடியைத் தண்ணீர் தெளித்துச் சீவுங்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஒரு கொத்தைப் பிடித்துத் தூக்கி, விரலுக்கு மேலே நிற்பதை வெட்டுங்கள். முன்னிருந்து பின்னாக வரிசையாகப் போங்கள், ஒவ்வொரு கொத்திலும் முன்பு வெட்டியதில் கொஞ்சத்தைச் சேர்த்துப் பிடித்தால் அளவு தெரியும். ஈர முடி காய்ந்ததும் மேலே ஏறும். நெற்றியில் எங்கே நிற்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதற்கு ஒரு விரல் கீழேயே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வெட்டியது போல் ஆகும்.

7. காதைச் சுற்றி வெட்ட, காதை விரலால் முன்பக்கம் மடித்துப் பிடியுங்கள். இங்கே பேச்சுக் கொடுக்காதீர்கள், பதில் சொல்லத் தலையைத் திருப்புவான். கிருதா இரண்டும் ஒரே அளவா என்று பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியாது. எதிரே உட்கார்ந்து, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் இரண்டு கிருதா முனையில் வைத்துப் பாருங்கள்.

8. பிடரியில் மட்டும் சீப்பைக் கழற்றி, மெஷினைத் தலைகீழாகப் பிடித்து மேலிருந்து கீழாக இழுங்கள். அழுத்த வேண்டாம்.

தப்பு நடந்தால்

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, நடுவுள்ளவனுக்கு வெட்டும்போது சீப்பு சரியாக மாட்டவில்லை. பின்தலையில் மெஷினை வைத்ததும் சீப்பு கழன்று மடியில் விழுந்தது. மெஷின் நிற்கவில்லை. ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளையாக ஒரு வட்டம். அவனுக்குத் தெரியவில்லை, கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கை நடுங்கியது. மறுநாள் பள்ளியில் குரூப் போட்டோ.

மாமியார் வந்து பார்த்தார். "பழனிக்கு வேண்டுதல்னு சொல்லிடு, மொட்டையே அடிச்சிடலாம்" என்றார். மொட்டை வேண்டாம் என்று தலை முழுவதையும் 3 மி.மீ.-க்கு இறக்கினேன். வட்டம் மங்கலாகத்தான் தெரிந்தது. போட்டோவில் அவன் முதல் வரிசையில் முன்னால் பார்த்து நின்றதால் யாருக்கும் தெரியவில்லை. மூன்று வாரத்தில் வட்டம் மறைந்தது. பெரியவன் மட்டும் அந்த மூன்று வாரமும் அவனை 'நாணயம்' என்று கூப்பிட்டான்.

ஆக, பள்ளியில் போட்டோ, ஆண்டு விழா, வீட்டில் கல்யாணம் என்றால் ஒரு வாரம் முன்பே வெட்டிவிடுங்கள்.

வெட்டி முடித்தபின்

முடி வெட்டிய பையன் எதையும் தொடாமல் நேராகக் குளியலறைக்குப் போக வேண்டும் என்பதில் மாமியாரும் நானும் ஒரே கட்சி. அவர் தீட்டு என்கிறார், எனக்குச் சோபாவில் முடி ஒட்டாமல் இருந்தால் சரி. தரையில் விழுந்ததைக் கூட்டி அள்ளிக் காகிதத்தில் மடித்துப் போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

மெஷினின் பற்களை ஒவ்வொரு பையனுக்கும் நடுவில் பிரஷால் தட்டி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ஒருவன் தலையில் படர்தாமரை வந்தால் அதே மெஷின் மூன்று தலைக்கும் கொண்டுபோகும். தலையில் வட்டமாகச் செதில் உதிர்ந்து முடி கொட்டினால் அன்றைக்கு வெட்டாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாம் முடிந்ததும் பெட்டியோடு வந்த எண்ணெயில் இரண்டு சொட்டு பற்களில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகி மெஷினை இறுக்கிவிடும்.

போன மாதம் பெரியவன் தன் வரிசை வந்ததும் ஸ்டூலில் உட்காரவில்லை. "எனக்கு சைடுல ஃபேடு வேணும்மா, உனக்கு அது வராது" என்றான். உண்மைதான், மேலிருந்து கீழே முடி படிப்படியாகக் குறைந்து மறையும் அந்த வெட்டு எனக்கு வராது. 150 ரூபாய் கொடுத்து அனுப்பினேன். முதல் தடவையாகத் தனியாகச் சலூனுக்குப் போய், நாற்காலியில் பலகை இல்லாமல் உட்கார்ந்து வெட்டிக்கொண்டு, மீதி 30 ரூபாயோடு வந்தான். நன்றாகத்தான் இருந்தது. தழும்பைக்கூட மறைத்து வெட்டியிருந்தார்கள்.

"கடைக்கார அண்ணன் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"போன தடவை யார் வெட்டினதுன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"வெளியூர்ல வெட்டினதுன்னு சொல்லிட்டேன்" என்று குளிக்கப் போய்விட்டான்.