பெருந்தொற்றில் நின்றுபோகும் ஆர்க்டிக் இன்டர்ன்ஷிப்: உயிரியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச் நடுவில் நார்வே தன் எல்லையை இறுக்கியதும், ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லாங்இயர்பியனில் உள்ள யூனிஸ் பல்கலைக்கழக மையத்தில் வகுப்புகளும் கள வேலைகளும் நின்றன. மார்ச் 24 முதல் கனடாவின் நூனாவுட் பகுதி வெளியாட்களை உள்ளே விடவில்லை. அமெரிக்காவில் இளநிலை மாணவர்களுக்காக நடக்கும் கோடைக்கால ஆய்வுத் திட்டங்களில் பல ரத்தாயின; சில ஆன்லைனுக்குப் போயின. வேறு துறை மாணவர்களுக்கும் இன்டர்ன்ஷிப் போனதுதான். ஆனால் ஆர்க்டிக் உயிரியல் மாணவர்களுக்கு அடி கொஞ்சம் பலமாக விழுந்தது. அங்கே பனி உருகுவது, செடி பூப்பது, பறவை முட்டையிடுவது, குஞ்சு பொரித்துக் கூட்டிக்கொண்டு கிளம்புவது எல்லாமே ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் முடிந்துவிடும். ஆறு வாரம் தள்ளிப்போனால் அந்த வருடமே போன மாதிரிதான்.

அப்போது நடந்த குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே. ஆர்க்டிக் சீசனைத் தள்ளிவைத்த பரீட்சைபோல நினைத்துவிடுகிறோம்: தேதி மாறும், பாடம் அப்படியே இருக்கும் என்று. அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வந்தால் இந்தத் தவறுகள் திரும்ப நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

"எப்போது திறப்பார்கள்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது

கைடுக்கு வாரம் ஒரு மின்னஞ்சல்: "ஏதாவது தகவல் வந்ததா?" அவரிடமும் பதில் இருக்காது. ஃபீல்ட் ஸ்டேஷன் மேலாளருக்கு அரசு சொல்ல வேண்டும், அரசுக்குச் சுகாதாரத் துறை சொல்ல வேண்டும். இப்படியே மே மாதம் ஓடிவிடும். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: "இந்தத் தேதிக்குள் அனுமதி வராவிட்டால், நான் இந்த வேலையைச் செய்யலாமா?" தேதி ஒன்று, மாற்று வேலை ஒன்று, இரண்டும் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். அந்தத் தேதியைப் பனி உருகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி வைக்க வேண்டும். விமான டிக்கெட்டின் கடைசி நாள் இதற்குக் கணக்கே இல்லை.

எண்ணும்போது தனிமைப்படுத்தல் நாட்களை விட்டுவிடுவது இன்னொரு சறுக்கல். 2020-ல் நூனாவுட்டுக்குள் போக வேண்டியவர்கள் ஒட்டாவா, வினிபெக், எட்மன்டன், எல்லோநைஃப் போன்ற ஊர்களில் 14 நாள் தனித்திருந்துவிட்டுத்தான் விமானம் ஏற முடிந்தது. எட்டு வார இன்டர்ன்ஷிப்பில் இரண்டு வாரம் ஹோட்டல் அறையிலேயே கழிந்தால் மிச்சம் ஆறு. பாதுகாப்புப் பயிற்சி, வானிலையால் விமானம் நிற்கும் நாட்கள் போக ஐந்துகூடத் தேறாது. ஐந்து வாரத்தில் எது முடியும் என்று அப்போதே யோசித்திருந்தால் ஆய்வுக் கேள்வியே வேறாக அமைந்திருக்கும்.

பெரிய ஆட்களுக்கும் இதே கதிதான். 2019 செப்டம்பரில் நார்வேயின் டிராம்ஸோ நகரிலிருந்து கிளம்பி, பனிப்பாளத்தோடு சேர்ந்து மிதந்த ஜெர்மன் ஆய்வுக் கப்பல் போலார்ஸ்டெர்னில் ஆட்களை விமானம் மூலம் மாற்றுவதாகத் திட்டம். கொரோனா வந்ததும் விமானம் இல்லை. மாற்று ஆட்களை ஜெர்மனியிலேயே தனிமைப்படுத்திவைத்து, சோதித்து, வேறு இரண்டு கப்பல்களில் ஸ்வால்பார்டுக்குக் கொண்டுவந்தார்கள். போலார்ஸ்டெர்ன் மே நடுவில் பனிப்பாளத்தை விட்டு வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு ஜூனில் திரும்பியது. ஆள் இல்லாத அந்த வாரங்களில், விட்டுவந்த தானியங்கிக் கருவிகள் சில தொடர்ந்து அளந்துகொண்டிருந்தன. மனிதர் இல்லாவிட்டாலும் ஓடக்கூடியது எது என்று முன்கூட்டியே பிரித்து வைக்கும் இந்தப் பழக்கத்தை மாணவர் திட்டத்திலும் கொண்டுவரலாம்.

போக முடியாவிட்டால் உயிரியலே இல்லை என்று முடிவு கட்டுவது

மாணவர்கள் அதிகம் இழந்தது இதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆர்க்டிக் என்றால் பூட்ஸ், துப்பாக்கி, பனிக்கரடி என்று மனதில் பதிந்துபோனவர்களுக்கு, ஆய்வகத்து ஜாடியைத் திறப்பது ஆறுதல் பரிசாகத்தான் தெரியும்.

வடகிழக்கு கிரீன்லாந்தில் ஜாக்கன்பெர்க் என்ற நிலையம் இருக்கிறது. 74 டிகிரி வடக்கு. 1996 முதல் அங்கே கோடை தோறும் தரையில் குவளைகளைப் புதைத்து, உள்ளே விழும் பூச்சி, சிலந்திகளை வாரா வாரம் எடுத்துப் பாதுகாத்து வைக்கிறார்கள். அந்த ஜாடிகளில் ஓநாய்ச் சிலந்திகள் இருந்தன. இந்தச் சிலந்தியில் பெண், முட்டைப் பையைத் தன் உடலோடு ஒட்டிச் சுமந்தே திரியும். அதனால் குவளைக்குள் தாய் விழும்போது பையும் கூடவே விழும். ஆய்வாளர்கள் பழைய ஜாடிகளை எடுத்து, பைகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை முட்டை என்று எண்ணினார்கள். தேதிவாரியாக வைத்துப் பார்த்தபோது, சீசனின் பின்பகுதியில் முட்டை குறைந்த பைகள் தனிக் கூட்டமாக நின்றன. பனி முன்னதாக உருகிய ஆண்டுகளில் இந்தச் சிலந்திகள் இரண்டாவது முறையும் முட்டையிடுகின்றன என்பது அப்படித்தான் வெளியே வந்தது. ஆர்க்டிக் சிலந்தியில் அதுவரை யாரும் காட்டாத விஷயம். அந்தக் கட்டுரை வெளியானது 2020-ல், களத்துக்கு யாரும் போக முடியாமல் தவித்த அதே வருடம்.

ஜாடி கிடைக்காதவர்களுக்குத் தரவு இருக்கிறது. அதே 2020 நவம்பரில் ஆர்க்டிக் விலங்கு நடமாட்டக் காப்பகம் வெளியானது. 1991 முதல் நடந்த 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளில், விலங்குகள் மேல் மாட்டிய ஜிபிஎஸ், செயற்கைக்கோள் கருவிகள் பதிவுசெய்த தடங்கள் அதில் ஒரே இடத்தில் இருக்கின்றன. பொன்னிறக் கழுகு எப்போது வலசை வருகிறது, காரிபூ மான் எப்போது கன்று ஈனுகிறது என்பதையெல்லாம் அதை வைத்தே பார்த்திருக்கிறார்கள். செடிப்பக்கம் போக விரும்பினால், திறந்த கூம்புக் கூண்டு வைத்து டுண்ட்ராவை ஒன்று முதல் மூன்று டிகிரி வரை சூடாக்கிப் பார்க்கும் ஐடெக்ஸ் சோதனை 1990 முதல் பல நாடுகளில் நடக்கிறது. பச்சைப் பரப்பைப் பார்க்க லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இலவசம்.

ஆனால் இங்கேயும் ஒரு பொறி உண்டு. களத்துக்கென்று எழுதிய கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் தரவைத் தேடி ஒரு மாதம் அலைவது. தரவு யாரோ வேறொரு கேள்விக்காகச் சேர்த்தது. முதலில் அது எதற்குப் பதில் சொல்லும் என்று பார்த்துவிட்டு, அப்புறம் கேள்வியை எழுத வேண்டும்.

விடுபட்ட வருடத்தைச் சாதாரண வருடம்போலக் கணக்கில் சேர்ப்பது

புள்ளியியலில் கெட்டிக்காரர்களும் இங்கே தடுக்கி விழுவார்கள். 2020-ல் சில நிலையங்களில் ஆளே இல்லை. சில இடங்களில் குறைவான ஆட்கள், அதுவும் தாமதமாக வந்தார்கள். ஆள் இல்லாத வருடத்தின் கட்டத்தில் சுழியம் போட்டால் பறவையே வரவில்லை என்று ஆகிவிடும். வெற்றிடம் வேறு, சுழியம் வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். தாமதமாக வந்த வருடம்தான் ஆபத்தானது, ஏனென்றால் அங்கே எண் இருக்கிறது, பார்த்தால் நம்பும்படியாகவும் இருக்கிறது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். வழக்கமாக ஜூன் 1-ல் வந்து கூடு தேடுகிறவர்கள், இந்த முறை ஜூன் 20-ல் வருகிறார்கள். முதல் கூட்டைக் கண்ட தேதி ஜூன் 21 என்று நோட்டில் ஏறும். நீண்டகால வரைபடத்தில் வைத்தால் பறவைகள் அந்த வருடம் மூன்று வாரம் தாமதித்து முட்டையிட்டதுபோல இருக்கும். தாமதித்தது பார்க்கப் போனவர்கள்தான்.

இதற்கு எளிய மருந்து ஒன்று கள உயிரியலாளர்களிடம் பல காலமாக இருக்கிறது: முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது. கரைப்பறவையின் முட்டை புதிதாக இருந்தால் அடியில் படுத்துக் கிடக்கும். அடைகாக்கும் நாள் ஏற ஏற உள்ளே இருக்கும் காற்றறை பெரிதாகும். முட்டை சாயும், பிறகு நட்டுக்குத்தலாக நிற்கும், கடைசியில் மிதந்து மேலே தலை நீட்டும். சாய்வுக் கோணத்தையும் நீருக்கு மேல் தெரியும் அளவையும் குறித்தால், எத்தனை நாள் அடைகாத்த முட்டை என்று தோராயமாகப் பின்னோக்கிக் கணக்கிடலாம். உள்ளான் போன்ற சிறு கரைப்பறவைகள் பல சுமார் மூன்று வாரத்தில் பொரித்துவிடும் என்பதால் தேதியை ஓரளவு மீட்க முடியும். ஆனால் ஒன்று: ஆள் வருமுன்பே நரியிடம் பறிபோன கூடுகள் இந்தக் கணக்கில் வரவே வராது. தாமதமாகப் போனவர் கண்ணில் படுவது தப்பிப் பிழைத்த கூடுகள் மட்டும். அதை வைத்து "இந்த வருடம் கூடுகள் நன்றாகத் தப்பின" என்று எழுதினால் அது தவறு.

அதனால் எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எத்தனை பேர், எத்தனை மணி நேரம் தேடினார்கள் என்பதையும் கூட்டின் எண்ணோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். பழைய தரவில் அந்தக் கட்டம் பல சமயம் காலியாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேளுங்கள்.

எல்லையை மூடியவர்களைப் பற்றி அலட்சியமாகப் பேசுவது

"ஆளே இல்லாத இடத்தில் எதற்கு இத்தனை கெடுபிடி?" என்ற கேள்வி அப்போது அடிக்கடி காதில் விழுந்தது. ஆளே இல்லாத இடம் என்பது தெற்கே இருந்து பார்க்கிறவர்களின் கணக்கு. 1918 நவம்பரில் அலாஸ்காவின் இன்றைய பிரெவிக் மிஷன் கிராமத்துக்கு இன்ஃப்ளுவென்சா வந்தது. ஊரில் இருந்த சுமார் 80 பெரியவர்களில் 72 பேர் சில நாட்களிலேயே இறந்தார்கள். நிரந்தர உறைமண்ணில் அவர்கள் புதைக்கப்பட்ட இடத்திலிருந்து பிற்காலத்தில் எடுத்த மாதிரிதான், அந்த வைரஸின் மரபணு வரிசையை அறிய உதவியது. இந்த நினைவு வடக்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. நூனாவுட்டின் ஊர்களுக்கு இடையே சாலை கிடையாது. நோய் முற்றினால் விமானத்தில்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். லாங்இயர்பியன் மருத்துவமனையும் சிறியது, பெரிய சிகிச்சைக்கு டிராம்ஸோ போக வேண்டும். எல்லையை மூடியதால் நூனாவுட்டின் ஊர்களில் முதல் தொற்று 2020 நவம்பர் வரை பதிவாகவில்லை.

இதன் மறுபக்கத்தில் இன்னொரு தவறு. வெளியாட்கள் வர முடியாதபோது பல அளவீடுகளைத் தொடர்ந்து எடுத்தவர்கள் உள்ளூர்க்காரர்களும் நிலைய ஊழியர்களும்தான். அவர்களை நம் கைக்கு நீட்டிப்பாக நினைத்து, "வாரம் இருமுறை மாதிரி எடுக்கவும்" என்று ஒரு வரி அனுப்பினால் போதாது. எந்த மூலையில் தொடங்குவது, மழை பெய்தால் என்ன செய்வது, குழாயில் என்ன எழுதுவது, எந்த வெப்பநிலையில் வைப்பது என்று எழுத வேண்டும். எழுதியதை அந்த இடத்தைப் பார்த்தே இராத நண்பர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால் ஓட்டைகள் எல்லாம் தெரிந்துவிடும். சம்பளம் எவ்வளவு, கட்டுரையில் பெயர் எங்கே வரும் என்பதை வேலை தொடங்குமுன் பேசிவிட வேண்டும். ஆர்க்டிக் நிலையங்களை இணைக்கும் இன்டராக்ட் அமைப்பு, ஆய்வாளர் நேரில் வராமலே நிலைய ஊழியர் மாதிரி எடுத்துத் தரும் ஏற்பாட்டை அப்போது நடத்தியது. தனியாகத் தெரிந்தவரைக் கெஞ்சுவதைவிட இப்படிப்பட்ட வழி இருவருக்கும் மரியாதை.

கருவியை மட்டும் அனுப்பப் போகிறீர்களா? அந்த இடத்தின் விதியைப் படியுங்கள். ஸ்வால்பார்டில் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இருக்கும் நீ-ஆலஸுண்டில் வைஃபையும் புளூடூத்தும் கூடாது. அங்குள்ள நுண்ணிய ரேடியோ ஆய்வுக் கருவிகளின் அளவீட்டை அவை குழப்பிவிடும். புளூடூத் வழியே மட்டும் பேசும் சென்சாரை ஆசையாக வாங்கி அனுப்பினால் அது பெட்டியிலேயே கிடக்கும்.

திறந்ததும் அவசரப்படுவது

ஒரு வருடம் கழித்து வாசல் திறக்கும்போது, விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கும் ஆசை வரும். குழுவோ முன்பைவிடச் சிறியதாக இருக்கும். பனிக்கரடிக் காவலுக்கு ஒருவர், வேலைக்கு ஒருவர் என்று நின்றால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததும் இருவர் வேலையும் நிற்கும். அந்த நிலையில் இரண்டு திட்டத்தை ஒரே கோடையில் அடைப்பது சரிவராது. துப்பாக்கி, படகு, குளிர்நீர்ப் பயிற்சிகளையும் புதிதாக எடுங்கள். போன வருடச் சான்றிதழ் கையில் இருக்கும், கை மறந்திருக்கும்.

காகித வேலையும் அப்படியே. விலங்கைப் பிடிக்க, மாதிரி எடுக்க வாங்கிய அனுமதியில் வருடமும் இடமும் எழுதியிருக்கும். சீசன் போனால் பல அனுமதிகளும் கூடவே போய்விடும். ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை என்று படித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. வழக்கமான பாதை நார்வே வழியாகத்தான். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவைப்படும் நாட்டவர் இருமுறை நுழையும் விசாவாக வாங்க வேண்டும், ஏனென்றால் ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது. திரும்பும்போது இன்னொரு நுழைவு கணக்காகும். பயணக் காப்பீட்டில் பெருந்தொற்று விலக்கு இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுமுன் பாருங்கள். அறிவிக்கப்பட்டுவிட்ட பெருந்தொற்றை ஏற்கெனவே தெரிந்த ஆபத்து என்று சொல்லிக் கைகழுவும் ஒப்பந்தங்கள் உண்டு.

சுயவிவரக் குறிப்பில் தொலைவிலிருந்து செய்ததைத் தொலைவிலிருந்து செய்ததாகவே எழுதுங்கள். "ஆர்க்டிக் கள அனுபவம்" என்று போட்டுவிட்டு, நேர்காணலில் கூடாரத்துக்கு எந்தப் பக்கம் காற்றடித்தது என்று கேட்டால் விழிக்க வேண்டியிருக்கும். "20 ஆண்டுச் சிலந்தி மாதிரிகளில் முட்டை எண்ணினேன், தரவைச் சுத்தம் செய்தேன், கணினி நிரலைப் பொதுவில் வைத்திருக்கிறேன்" என்று எழுதினால், தேர்வு செய்கிறவர் திறந்து பார்த்துக் கேள்வி கேட்க ஒரு கோப்பாவது இருக்கும்.