பயன்படாத லோ-கோட் ஆப்களை மூடுவது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ் போன்ற ஒரு லோ-கோட் தளம் (அதிகம் கோட் எழுதாமலே ஆப் செய்ய உதவும் தளம்) நிறுவனத்துக்குள் வந்துவிட்டால், ஆளாளுக்கு ஆப் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். விடுப்பு கேட்க ஒன்று, லேப்டாப் கணக்கு வைக்க ஒன்று, சும்மா செய்து பார்த்தது நாலைந்து. நல்ல விஷயம்தான். ஆனால் செய்தவர் வேறு வேலைக்குப் போன பிறகும் ஆப் அங்கேயே கிடக்கும். யாருக்கெல்லாம் அனுமதி கொடுத்தாரோ, அதுவும் அப்படியே இருக்கும். சம்பள விவரமோ வாடிக்கையாளர் விவரமோ உள்ள ஆப் ஒன்று கேட்பாரற்றுக் கிடப்பது சின்ன விஷயம் இல்லை. அதற்காக இன்றே உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிடவும் கூடாது. முதலில் நிறுத்த வேண்டும், கொஞ்ச நாள் பொறுத்திருந்து பார்க்க வேண்டும், அழிப்பது கடைசியில்தான். கீழே உள்ள உதாரணங்கள் பவர் ஆப்ஸை வைத்துச் சொன்னவை; வேறு தளமானாலும் வரிசை இதேதான்.

படி 1: பட்டியல் எடுங்கள்

பவர் பிளாட்ஃபார்ம் நிர்வாக மையத்தில் ஆப்களின் பட்டியல் கிடைக்கும். அதை எக்செலில் போட்டு ஆப்பின் பெயர், உரிமையாளர், எந்த என்விரான்மென்ட் (ஆப்களையும் தரவையும் பிரித்துவைக்கும் தனிப் பகுதி), யாருடன் பகிரப்பட்டது, கடைசியாகத் திறந்த தேதி ஆகியவற்றை நிரப்புங்கள். கடைசியாகத் திருத்திய தேதியை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். நன்றாக ஓடும் ஆப்பை யாரும் வருஷக்கணக்கில் திருத்தாமலே தினமும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம்.

படி 2: சந்தேகப் பட்டியலைப் பிரித்தெடுங்கள்

மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'சிஓஇ ஸ்டார்ட்டர் கிட்' என்ற நிர்வாகக் கருவித் தொகுப்பு 6 மாதம் சலனமில்லாத ஆப்களைப் பிடித்து உரிமையாளருக்குத் தானாகவே மெயில் அனுப்பும். தொடங்குவதற்கு அது நல்ல அளவுகோல். ஆனால் ஆண்டு இறுதி இருப்புக் கணக்கு, வருடாந்திரப் பணி மதிப்பீடு, தணிக்கை போன்றவற்றுக்கான ஆப்கள் வருஷத்தில் சில நாள்தான் திறக்கப்படும். அவற்றை ஒரு முழு வருஷச் சுற்று பார்த்துவிட்டே தொடுங்கள். பெயரில் 'டெஸ்ட்', 'காப்பி' என்று இருந்து, செய்தவரைத் தவிர யாரும் திறந்ததே இல்லை என்றால் தாராளமாகப் பட்டியலில் சேர்க்கலாம்.

படி 3: உரிமையாளரைக் கேளுங்கள்

சுருக்கமான மெயில் போதும்:

'வணக்கம். நீங்கள் உருவாக்கிய இந்த ஆப்பை 6 மாதமாக யாரும் திறக்கவில்லை. இன்னும் தேவையா? எந்த மாதத்தில், யார் பயன்படுத்துவார்கள்? இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் தற்காலிகமாக நிறுத்திவைப்போம். எதையும் அழிக்க மாட்டோம்.'

உரிமையாளர் நிறுவனத்தை விட்டுப் போயிருந்தால், அவருடைய மேலாளரிடம் பேசி, அட்மின் வழியாக உரிமையை ஒருவர் பெயருக்கு மாற்றுங்கள். பதிலே வராவிட்டால்? நிறுத்திவைக்கலாம். அழிப்பதற்கு மட்டும் பொறுப்பானவர் ஒருவரின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும்.

படி 4: ஆப்போடு எதெல்லாம் ஒட்டியிருக்கிறது?

அவசரப்பட்டால் சிக்குவது இங்கேதான், அதனால் நிதானமாகப் பாருங்கள். ஆப்பை யாரும் திறக்காவிட்டாலும், அதற்காகச் செய்த பவர் ஆட்டோமேட் ஃப்ளோ (தானாக ஓடும் வேலைத் தொடர்) தினமும் இரவில் ஓடி யாருக்கோ அறிக்கை அனுப்பிக்கொண்டிருக்கலாம். அதே ஷேர்பாயிண்ட் பட்டியலை இன்னொரு ஆப்போ பவர் பிஐ அறிக்கையோ படித்துக்கொண்டிருக்கலாம். டீம்ஸில் ஒரு டேபாகவும் அது இருக்கக்கூடும்.

கேன்வாஸ் ஆப்பை (திரையை நாமே வடிவமைத்துச் செய்யும் வகை) அழித்தால் ஷேர்பாயிண்டிலோ டேட்டாவெர்ஸிலோ (பவர் பிளாட்ஃபார்மின் தரவுத்தளம்) உள்ள தரவு அழியாது. ஆனால் ஆப் ஒரு மேனேஜ்டு சொல்யூஷனாக (ஆப், டேபிள் எல்லாம் ஒன்றாகக் கட்டி நிறுவும் பூட்டிய தொகுப்பு) நிறுவப்பட்டிருந்தால் கதை வேறு. அந்தச் சொல்யூஷனை நீக்கினால், அது கொண்டுவந்த டேபிள்களும் அவற்றில் உள்ள தரவும் சேர்ந்தே போய்விடும். நீக்கும் முன் அது எந்த வகை என்று கட்டாயம் பாருங்கள்.

படி 5: பிரதி எடுங்கள்

ஆப்பைச் சொல்யூஷனாகவோ பேக்கேஜாகவோ ஏற்றுமதி செய்து, உங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு இடத்தில் வையுங்கள். சொல்யூஷன் கோப்பில் ஆப்பின் வடிவம்தான் இருக்கும், டேபிளில் உள்ள பதிவுகள் இருக்காது. அவற்றைத் தனியாக எக்செலாகவோ சிஎஸ்வியாகவோ எடுக்க வேண்டும். பதிவுகளை எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதைக் கணக்குத் துறையிடமும் சட்டத் துறையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அதை நாமாக முடிவு செய்யக்கூடாது.

படி 6: நிறுத்துங்கள், காத்திருங்கள்

கேன்வாஸ் ஆப் என்றால் அட்மின் அதை 'குவாரண்டைன்' செய்யலாம். பயனர்களால் திறக்க முடியாது, ஆனால் ஆப்புக்கு ஒன்றும் ஆகாது. வேண்டுமானால் உடனே விடுவித்துவிடலாம். மாடல்-டிரிவன் ஆப் (டேட்டாவெர்ஸ் டேபிள்களை வைத்துத் திரைகள் அமையும் வகை) என்றால் அதோடு இணைத்த செக்யூரிட்டி ரோல்களை (யாருக்கு என்ன அனுமதி என்ற அமைப்பு) எடுத்துவிடுங்கள். இந்த ஆப்புக்கு மட்டுமே உள்ள ஃப்ளோக்களையும் அணைத்துவையுங்கள்.

குறைந்தது ஒரு மாத முடிவாவது நடுவில் வரும்படி காத்திருங்கள். 'ஆப் திறக்க மாட்டேங்குது' என்று யாராவது கூப்பிட்டால் சந்தோஷப்படுங்கள். பட்டியலில் வராத ஒரு பயனர் கிடைத்துவிட்டார். ஆப்பை விடுவித்து, அவரிடம் பேசி, உரிமையாளர் பெயரைச் சரிசெய்யுங்கள்.

படி 7: அழியுங்கள்

யாரும் கேட்கவில்லை, எழுத்தில் சம்மதமும் இருக்கிறது என்றால் அழித்துவிடலாம். அழித்த கேன்வாஸ் ஆப்பை 28 நாளுக்குள் அட்மின் பவர்ஷெல் (கட்டளைகளைத் தட்டி வேலை செய்யும் கருவி) மூலம் மீட்க முடியும். அதற்குப் பிறகு படி 5-இல் எடுத்த பிரதிதான் கதி.

அப்புறம் மிச்சம் மீதியைத் துடைக்க வேண்டும். அணைத்துவைத்த ஃப்ளோக்கள், தரவு இருக்கும் இடத்தோடு ஆப்பை இணைத்து இப்போது யாரும் பயன்படுத்தாத கனெக்‌ஷன்கள், இந்த ஆப்புக்காகவே கொடுத்த சர்வீஸ் கணக்கின் (தனி ஆளுக்கல்லாமல் வேலைக்காக வைத்த கணக்கு) அனுமதி, பிரீமியம் லைசென்ஸ், டீம்ஸ் டேப் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுங்கள். முதல் படியில் போட்ட எக்செலில் அந்த ஆப்பின் வரியை அழிக்காமல், மூடிய தேதி, சம்மதம் தந்தவர், பிரதி இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் எழுதிவையுங்கள்.