கேம் திணறுகிறதா? முதலில் சூட்டைப் பாருங்கள்

குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடற்கரையோரம் வீடு இருப்பவர்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் கேம் தொடங்கிக் கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, அப்புறம் திக்கித் திக்கி நின்றால், புது கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு தேடாதீர்கள். பெரும்பாலும் சூடுதான் காரணம். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் 95, 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துவிடும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளைப் போட்டால் விளையாடும்போதே வெப்பநிலை திரையில் தெரியும்.

நம் ஊர் உப்புக்காற்றில் தூசி லேசாகப் படிவதில்லை. ஈரம் கோத்து, பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றி, காய்ந்த பெயிண்ட் பிரஷால் மெல்லத் தட்டிவிட்டு, புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் கெட்டுவிடும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். இதற்குப் பிறகும் சூடு இறங்கவில்லையென்றால் பிராசசர் மேல் உள்ள, சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்ற பசை காய்ந்திருக்கலாம். ஹீட்சிங்கைக் கழற்றி, பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிதாக வைத்தால் போதும்.

சூடே இல்லை, ஆரம்பத்திலிருந்தே மந்தமா? சரி, மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். மதர்போர்டு என்ற முக்கியப் பலகையில் இருந்தால் கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் வேலையில்லாமல் கிடக்கும். கார்டில் மாற்றிச் செருகுங்கள்.